வேட்டி மஞ்சளாகிறதா? செபியா பிரிண்டில் வரும் கோளாறுகளும் தீர்வும்

தென்காசி, செங்கோட்டை, புளியரை பக்கத்துப் பழைய வீடுகளில் தாத்தா பாட்டி படங்கள் இன்னும் பழுப்பு நிறத்தில் சுவரில் தொங்குவதைப் பார்க்கலாம். அதே மாதிரி வேண்டும் என்றுதான் இப்போதும் போன் படத்தைக் கொண்டுவந்து கேட்கிறார்கள்: கல்யாணப் படம், கழுதுருட்டி பதிமூன்று கண் பாலம், புனலூர் தூக்குப்பாலம். செயலியில் ‘செபியா’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தட்டி பிரிண்ட் போட்டால் வருவது பழைய படம் மாதிரி இருப்பதில்லை, டீ கொட்டிய படம் மாதிரி இருக்கிறது.

பழைய படத்தில் அந்தப் பழுப்பு எப்படி வந்தது என்று தெரிந்தால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். பிரிண்டை முதலில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் பொட்டாசியம் புரோமைடும் கலந்த கரைசலில் வெளுக்கவிடுவார்கள். பிறகு சோடியம் சல்பைடு கரைசலில் போடுவார்கள். படத்திலுள்ள வெள்ளி, வெள்ளி சல்பைடாக மாறிப் பழுப்பேறும். வெள்ளி இல்லாத இடத்தில் மாற எதுவுமில்லை, அங்கே தாள் தாளாகவே நிற்கும். ஆகவே நல்ல செபியா படத்தில் வெள்ளை வேட்டி வெள்ளையாக இருக்கும். அதன் மடிப்பு நிழலில் மட்டும் பழுப்பு ஓடும். நம் பிரிண்ட் சரியா என்று பார்க்க இதுதான் உரைகல்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் சாம்பல் பட்டை

நிறத்தைத் திருத்த உட்காரும் முன் ஒரு 4×6 தாளைச் செலவழியுங்கள். 1800×1200 பிக்சலில் ஒரு கோப்பு திறந்து, 11 கட்டங்கள் வரையுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஒரே எண் (0 கறுப்பு, 255 வெள்ளை): 0, 25, 51, 76, 102, 128, 153, 179, 204, 230, 255. பழுப்பு எதுவும் ஏற்றாமல், படம் போடப் போகும் அதே தாளில், அதே செட்டிங்கில் பிரிண்ட் எடுங்கள். ஒரு மணி நேரமாவது காயவிட்டு, காலை பத்து மணி வாக்கில் திண்ணையிலோ வராந்தாவிலோ நிழலில் வைத்துப் பாருங்கள். நேர் வெயில் வேண்டாம், டியூப் லைட்டும் வேண்டாம்.

பட்டை சுத்தச் சாம்பலாக இருந்தால் கோளாறு உங்கள் கோப்பில். பட்டையே பச்சையாகவோ ரோஸாகவோ இருந்தால் கோளாறு மெஷினில். சாம்பலைச் சரியாகத் தராத பிரிண்டர் பழுப்பையும் சரியாகத் தராது. இந்த ஒரு தாளை மிச்சம் பிடிக்கப் போய், மெஷின் கோளாறுக்குக் கோப்பைத் திருத்தித் திருத்தி ஒரு பாக்கெட் தாளை வீணாக்குவதுதான் வழக்கமாக நடக்கிறது.

வெள்ளை எல்லாம் மஞ்சளாகிறது

அதிகம் வரும் குறை இதுதான். வேட்டி, தாடி, கோயில் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும் வானம், குற்றாலம் மெயின் அருவியின் நுரை எல்லாம் மஞ்சள் பூசியது போலாகும். நடுத்தர நிறங்கள் ஒழுங்காகப் பழுப்பாக இருக்கும், வெளிச்சமான இடம் மட்டும் எலுமிச்சைப் பக்கம் சாயும்.

தவறு பொத்தானின் கணக்கில் இருக்கிறது. பல செயலிகளில் இருக்கும் செபியா கணக்கு ஒன்றேதான்: சாம்பல் எண்ணைச் சிவப்புக்கு 1.351 ஆலும், பச்சைக்கு 1.203 ஆலும், நீலத்துக்கு 0.937 ஆலும் பெருக்குவது. சாம்பல் 119 என்ற நடு நிறத்தில் இது 161, 143, 112 ஆகும். பழுப்புதான், ஆனால் படம் ஏற்கெனவே வெளுத்துவிட்டது. 189-ஐத் தாண்டினால் சிவப்பு 255-இல் முட்டி நின்றுவிடும், பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போகும். 212-க்கு மேல் பச்சையும் முட்டிவிடும். வேட்டியின் வெளிச்சப் பக்கம் 220 என்று வையுங்கள், கிடைப்பது 255, 255, 206. சிவப்பும் பச்சையும் சமமானால் அது பழுப்பே இல்லை, அசல் மஞ்சள். சுத்த வெள்ளையும் தப்பாது: 255, 255, 239.

அந்தப் பொத்தானை விட்டுவிட்டுக் கர்வ்ஸில் (கோட்டில் புள்ளி வைத்து நிற எண்களை மாற்றும் கருவி) செய்யுங்கள். ஃபோட்டோஷாப், ஜிம்ப் இரண்டிலும் வழி ஒன்றுதான். கறுப்பு-வெள்ளைப் படத்தின் மேல் கர்வ்ஸைத் திறந்து ஒவ்வொரு சேனலிலும், அதாவது சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக, ஒரே ஒரு புள்ளி வையுங்கள்:

சிவப்பு: உள்ளே 119, வெளியே 137.
பச்சை: உள்ளே 119, வெளியே 115.
நீலம்: உள்ளே 119, வெளியே 94.

இரு முனைகளையும், அதாவது 0-வையும் 255-ஐயும், தொடக் கூடாது. கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் நிற்கும், நடுவில் மட்டும் பழுப்பு ஏறும், படத்தின் வெளிச்சமும் ஏறக்குறைய மாறாது. அழுத்தம் அதிகம் என்று பட்டால் புள்ளிகளை நகர்த்த வேண்டாம். இந்தத் திருத்தத்தைத் தனி லேயராக (மேலே வைக்கும் அடுக்கு) வைத்து அதன் ஒப்பாசிட்டியை, அதாவது அழுத்தத்தை, 60-70 சதவீதத்துக்கு இறக்கினால் போதும். திரையில் ‘கொஞ்சம் குறைவாக இருக்கிறதே’ என்று தோன்றும் அளவுதான் தாளில் சரியாக வரும்.

நிழலில் பழுப்பு வேண்டாம், கறுப்பே நிற்கட்டும் என்றால் மூன்று சேனலிலும் 30 உள்ளே, 30 வெளியே என்று இன்னொரு புள்ளி. இருட்டறையில் வெளுப்பைப் பாதியில் நிறுத்தினால் இந்தத் தோற்றம்தான் வரும், ஏனென்றால் வெளுப்பு வெளிச்சப் பகுதியைத்தான் முதலில் பிடிக்கும். கல்யாணப் படங்களுக்கு இது பொருந்தும். பட்டின் கறுப்பும் தலைமுடியும் மங்காமல் நிற்கும்.

பழுப்பு ஏறவே மாட்டேன் என்கிறது

கோப்பு கிரேஸ்கேல் மோடில் இருக்கிறது. அதில் நிறத்துக்கு இடமே கிடையாது. இமேஜ், மோட் பட்டியலில் ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டுத் தொடருங்கள். திரையில் பழுப்பு இருந்து பிரிண்டில் மட்டும் சாம்பலாக வந்தால், பிரிண்டர் டிரைவரில் ‘கிரேஸ்கேல்’ டிக் போட்டிருக்கும், எடுத்துவிடுங்கள். ஃபோட்டோஷாப் டியூவோடோனில் (இரு நிற மோடு) செய்தவர்கள் போட்டோ லேபுக்குக் கொடுக்கும் முன் ஆர்ஜிபிக்கு மாற்ற வேண்டும்.

பிரிண்ட் பச்சையாக அல்லது ரோஸாக வருகிறது

சாம்பல் பட்டையும் அப்படியே வந்தால் மட்டும் இந்தப் பகுதி.

முதலில் நாசில் செக், அதாவது இங்க் தெளிக்கும் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனைப் பிரிண்ட். எப்சன் எல்805, எல்8050 போன்ற ஆறு கலர் மெஷின்களில் சாம்பல் இங்க் தனியாகக் கிடையாது. சாம்பலையும் பழுப்பையும் சியான், மஜெந்தா, மஞ்சள், லைட் சியான், லைட் மஜெந்தா எல்லாம் சேர்ந்துதான் உருவாக்குகின்றன. சிவப்புப் பட்டுப் புடவையில் நாலு நாசில் அடைத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, செபியாவில் உடனே காட்டிக்கொடுத்துவிடும். லைட் மஜெந்தா விட்டுப்போனால் படம் பச்சையாகும். லைட் சியான் விட்டுப்போனால் செங்கல் நிறம். மஞ்சள் விட்டுப்போனால் கத்தரிப்பூ கலந்த ரோஸ்.

நாசில் செக் தாளில் மஞ்சள் கோடுகள் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, பலர் ‘எல்லாம் இருக்கு’ என்று தப்பாக முடிவு செய்வது இங்கேதான். போன் திரையில் முழு நீலப் படம் ஒன்றைத் திறந்து, மற்ற விளக்கை அணைத்து, அந்த வெளிச்சத்தில் தாளைப் பிடியுங்கள். மஞ்சள் கோடுகள் கறுப்பாக எழுந்து நிற்கும், விடுபட்ட இடம் பளிச்சென்று தெரியும்.

ஹெட் கிளீனிங் மூன்று தடவைக்கு மேல் தொடர்ந்து கொடுக்காதீர்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் மெஷினை அணைத்துவிட்டுக் குறைந்தது 12 மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். அடைப்பு இளக நேரம் வேண்டும். விடாமல் கிளீனிங் கொடுத்தால் டேங்க் காலியாவதுதான் மிச்சம்.

நாசில் எல்லாம் ஒழுங்காக இருந்தும் நிறம் சாய்ந்தால், நிறக் கணக்கு இரண்டு தடவை நடக்கிறதா என்று பாருங்கள். ஃபோட்டோஷாப்பில் தாளின் ஐசிசி புரொஃபைலை (அந்தத் தாளில் நிறம் எப்படி வரும் என்ற கணக்குக் கோப்பு) தேர்ந்தெடுத்து ‘ஃபோட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்’ என்று வைத்திருப்பீர்கள். டிரைவரும் தன் பங்குக்கு ஒரு திருத்தம் செய்யும். விளைவு, முகமெல்லாம் சிவந்து போகும். டிரைவரில் கலர் கரெக்‌ஷனை ‘நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்’டுக்கு மாற்றுங்கள். புரொஃபைல் இல்லாத தாள் என்றால் நேர்மாறாக, கணக்கு முழுவதையும் டிரைவரிடம் விட்டுவிடுங்கள். யாராவது ஒருவர்தான் சமைக்க வேண்டும்.

லோக்கல் இங்க் ஊற்றிய மெஷின் என்றால் கம்பெனி புரொஃபைல் பொருந்தாது. அந்த இங்குக்கும் அந்தத் தாளுக்கும் தனிப் புரொஃபைல் எடுத்தால் தவிர செபியா நிலையாக வராது. பல பாட்டில் கலந்து ஊற்றிய டேங்கில் அதுவும் நிற்காது.

இன்னொன்று, பகலில் சரியாக இருக்கும் படம் இரவு டியூப் லைட்டில் பச்சையாகத் தெரியும். இது அடைப்பு இல்லை. கலர் இங்கைக் கலந்து செய்த பழுப்பு, விளக்குக்கு விளக்கு வேறாகத் தெரியும். சாம்பல் இங்க் உள்ள மெஷினில் இது வெகுவாகக் குறையும்: எப்சன் எல்8160, எல்8180, கேனான் ஜி570 போன்றவை. எப்சன் எஸ்சி-பி700, பி900 வகையில் ‘அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட்’ என்று தனி மோடே உண்டு. அதில் ‘செபியா’, ‘வார்ம்’ இரண்டும் இருக்கும். ‘வார்ம்’ எடுத்தால் அடக்கமாக இருக்கும், ‘செபியா’ கொஞ்சம் தூக்கல். அந்த மோடுக்குக் கறுப்பு-வெள்ளைக் கோப்பையே கொடுங்கள், ஏற்கெனவே பழுப்பேற்றியதைக் கொடுக்காதீர்கள். சாம்பல் இங்க் இல்லாத மெஷின்தான் இருக்கிறது என்றால், படம் எந்த அறையில் மாட்டப்படும், அங்கே என்ன விளக்கு என்று முதலிலேயே கேட்டு, அந்த விளக்கில் வைத்துப் பார்த்து முடிவு செய்வதே வழி.

லேபில் கொடுத்தால் பழுப்பு போய்விடுகிறது

தென்காசியிலோ புனலூரிலோ கொடுத்தாலும் இது நடக்கும். லேப் மெஷினின் ஆட்டோ கரெக்‌ஷன் பழுப்பைப் பார்த்ததும் ‘படத்தில் நிறம் தவறிவிட்டது’ என்று நினைத்துத் திருத்தத் தொடங்கிவிடும். ஒரே உறையில் கொடுத்த பத்துப் படங்கள் பத்து விதமாக வருவதும் அதனால்தான். கொடுக்கும்போதே ‘கரெக்‌ஷன் வேண்டாம், அப்படியே அடிங்க’ என்று சொல்லி உறை மேலும் எழுதிக் கொடுங்கள். கோப்பு எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற முறையில், 300 டிபிஐ அளவில் இருக்கட்டும்: 4×6க்கு 1200×1800, 8×12க்கு 2400×3600, 12×18க்கு 3600×5400. அடோபி ஆர்ஜிபியில் கொடுத்தால் பல லேபுகளில் நிறம் செத்து, பழுப்பு மண்ணாங்கட்டி மாதிரி வரும்.

பெரிய அளவு போடும் முன் சாம்பல் பட்டையோடு ஒரு 4×6 போட்டுப் பாருங்கள். வீட்டு பிரிண்டரிலும் ‘ஃபோட்டோ என்ஹான்ஸ்’ வகையறா எதுவும் ஓடக் கூடாது, அதுவும் இதே வேலையைத்தான் பார்க்கும்.

முகம் மண் பூசியது போல், கசவு காணவில்லை

இது செபியாவின் குறை இல்லை, கறுப்பு-வெள்ளையாக மாற்றியபோதே நேர்ந்தது. நிறத்தை வெறுமனே எடுத்துவிட்டால் மாநிறத் தோலும் பின்னால் இருக்கும் சுவரும் ஒரே சாம்பலாகிவிடும். அதன் மேல் பழுப்பு ஏற்றினால் சேறுதான். சேனல் மிக்சரில் மோனோக்ரோம் டிக் போட்டு, சிவப்பு 40, பச்சை 50, நீலம் 10 சதவீதத்தில் தொடங்குங்கள். சிவப்பைக் கூட்டினால் முகம் தெளிவாகும், 60-ஐத் தாண்டினால் உதடும் பொட்டும் வெளுத்துப்போகும். குங்குமம் காணாமல் போன கல்யாணப் படத்தை யாரும் வாங்க மாட்டார்கள்.

எல்லைப் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கேரளப் பக்கத்தோடு இருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1-இல்தான் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்தது. சம்பந்தம் இரு பக்கமும் நடக்கிறது, கேரளத்துக் கசவுச் சேலையும் (பொன்கரை போட்டது) நேரியதும் (மேல்துணி) படத்தில் வந்துகொண்டே இருக்கும். இளமஞ்சள் துணியில் பொன்கரை, கறுப்பு-வெள்ளையில் கரை மறைந்துவிடும். ஏன் என்று எண்ணிலேயே பார்க்கலாம்: துணி 240, 230, 205 என்றும் கரை 200, 160, 70 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புச் சேனலில் இரண்டுக்கும் வித்தியாசம் 40தான். நீலத்தில் 135. சிவப்பைக் கூட்டி முகத்தைத் தெளிவாக்கினால் கரை போகும், நீலத்தைக் கூட்டிக் கரையைக் காட்டினால் முகம் கறுத்துப் புள்ளியடிக்கும்.

ஒரே கலவையில் இரண்டும் கிடைக்காது. இரண்டு லேயர் போடுங்கள். கீழே முகத்துக்கு 40, 50, 10. மேலே சேலைக்கு 20, 35, 45. மேல் லேயருக்குக் கறுப்பு மாஸ்க் (லேயரை மறைக்கும் திரை) போட்டு, சேலையில் மட்டும் மெல்லிய வெள்ளைத் தூரிகையால் திறந்துவிடுங்கள். கரை கறுத்து எழுந்து நிற்கும், துணி வெள்ளையாக இருக்கும். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாத படத்தில் கசவு வெறும் வெள்ளைத் துணியாகத்தான் தெரியும்.

முகமும் கரையும் திரையில் நன்றாக இருந்து தாளில் மட்டும் இருண்டு போனால் மானிட்டர் அதிக வெளிச்சத்தில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை அறை வெளிச்சத்தில் பிடித்து, திரையில் வெள்ளைப் பக்கம் ஏறக்குறைய அதே அளவு தெரியும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். ‘நைட் லைட்’ அணைந்திருக்க வேண்டும். அது ஓடும்போது பழுப்பேற்றினால் தாளில் ஒன்றும் இருக்காது.

மூடுபனியும் வானமும் பட்டை பட்டையாகின்றன

மலைச் சாரல் படங்களில் வரும். வாட்ஸ்அப்பில் படமாக வந்த கோப்பு என்றால் அங்கேயே முடிந்தது, அளவும் குறைந்து அழுத்தமும் கூடியிருக்கும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். ஒரிஜினல் கோப்பைத் திறந்ததும் 16 பிட்டுக்கு மாற்றி, கறுப்பு-வெள்ளை, பழுப்பு இரண்டையும் அதில் முடித்து, கடைசியில் மட்டும் 8 பிட் ஜேபெக். அப்படியும் லேசாகப் பட்டை தெரிந்தால் 2 சதவீத அளவு மெல்லிய நாய்ஸ் சேர்த்தால் மறையும். அந்தப் பொடி தாளில் கண்ணுக்குத் தெரியாது.

சாரல் காலத்தில் மட்டும் வரும் கோளாறுகள்

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடிக்கத் தொடங்கியதும் தாள் சுருளும், பளபளப்புத் தாளில் சக்கரத் தடம் புள்ளி வரிசையாக விழும், படம் கையில் ஒட்டும். தாள் பாக்கெட்டைத் திறந்தபடி வைக்காதீர்கள். எடுத்ததும் மூடி, சிலிக்கா ஜெல் பையோடு ஜிப் கவரில். தட்டில் அன்றைக்கு வேண்டிய தாள் மட்டும்.

ஈரத்தில் செபியாவின் நிறமே நகரும். மெஷினிலிருந்து வந்த கையோடு சிவப்பாகத் தெரியும் படம் மறுநாள் சரியாக இருக்கும். அதைப் பார்த்து அவசரப்பட்டுச் சிவப்பைக் குறைத்தால் காய்ந்ததும் பச்சையாகிவிடும். 24 மணி நேரம் கழித்துத்தான் முடிவு. முதல் கால் மணி நேரம் படத்தைப் படுக்கையாகக் காற்றில் விடுங்கள், பிறகு மேலே சாதாரண ஜெராக்ஸ் தாளை வைத்து ஒரு நாள். தாள் நெளிந்தால் எடுத்துவிட்டு வேறு வையுங்கள். காயாத படத்தைக் கண்ணாடிக்குள் போட்டால் கண்ணாடி உள்பக்கம் புகை படியும், படமும் ஒட்டிக்கொள்ளும். பிரேம் போடுபவரிடம் மவுன்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) வைத்துக் கண்ணாடி படத்தில் படாமல் போடச் சொல்லுங்கள்.

படம் சரி, தாள் நீலமாகத் தெரிகிறது

கண்ணைப் பறிக்கும் வெள்ளைத் தாளில் வெளுப்பூட்டும் பொருள் சேர்த்திருப்பார்கள். அது பகல் வெளிச்சத்தில் நீலமாக மின்னும், பக்கத்தில் பழுப்பு இருப்பதால் இன்னும் எடுத்துக்காட்டும். இதற்காகக் கோப்பு முழுவதற்கும் மஞ்சள் பூசுகிறார்கள், வேட்டி மறுபடி மஞ்சளாகும். தாளை மாற்றுங்கள். இயற்கை வெள்ளையில் வரும் பருத்தித் தாள் செபியாவுக்கென்றே செய்தது போலிருக்கும், விலைதான் கூடுதல். அது முடியாவிட்டால் லஸ்டர் (அரைப் பளபளப்பு) தாள். கண்ணாடி போன்ற 180 ஜிஎஸ்எம் பளபளப்புத் தாள் செபியாவுக்கு ஒத்துவராது. மேட் தாளுக்கு மாறினால் டிரைவரிலும் மேட் என்று மாற்றுங்கள். இல்லையென்றால் நிழல் சாம்பல் பூத்தது போலிருக்கும்.

சில மாதத்தில் நிறம் மாறிவிட்டது

தாத்தா படம் இத்தனை வருஷம் நிற்கிறதே, இது மட்டும் ஏன் என்று கேட்பார்கள். வெள்ளி சல்பைடு எளிதில் மாறாத பொருள். நம் பழுப்பு பல இங்குகளின் கூட்டு, ஒன்று முதலில் வெளுத்தால் மற்றது மிஞ்சும். டை இங்க் (சாயம் கரைந்த இங்க்) படம் வெயில் படும் சுவரிலும், சாம்பிராணி, கற்பூரப் புகை படும் பூஜை அறையிலும் சீக்கிரம் நிறம் மாறும். மாட்டி வைக்கும் படம் என்றால் பிக்மென்ட் இங்க் (நிறத்துகள் கலந்தது) அல்லது லேபின் கெமிக்கல் பிரிண்ட். எதுவானாலும் கண்ணாடி அவசியம், ஜன்னலுக்கு நேரெதிர்ச் சுவர் வேண்டாம்.

ஜோடியாக மாட்டும் படங்களை ஒரே நாளில், ஒரே பாக்கெட் தாளில் போடுங்கள். ஆறு மாதம் கழித்து இரண்டாவதைப் போட்டால் நிறம் சேராது. பழுப்பேற்றிய கோப்போடு, கறுப்பு-வெள்ளைக் கோப்பையும் தனியாக வைத்திருங்கள். பின்னால் வேறு மெஷினில் போட நேர்ந்தால் அங்கே சாம்பல் பட்டையிலிருந்து தொடங்க அதுதான் வேண்டியிருக்கும்.